வாராவாரம் க்ளீன் செய்தால் கம்ப்யூட்டர் வேகமாகிவிடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டுக் கம்ப்யூட்டரை வாரம் ஒருமுறை க்ளீனர் மென்பொருள் போட்டுச் சுத்தம் செய்யாவிட்டால் வேகம் குறைந்துவிடும் என்று நீங்கள் வெளியிட்ட குறிப்பைப் படித்தேன். இது ரொம்பப் பழைய யோசனை. இதை நம்பி இன்னமும் காசு கொடுக்கிறவர்கள் நம் குமரி மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

சிதறிய ஃபைல் துண்டுகளை ஒன்றாக அடுக்கும் டீஃப்ராக் வேலைக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. சுழலும் ஹார்ட் டிஸ்கில் ஒரே ஃபைல் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தால் அதைப் படிக்கும் முனை அங்கும் இங்கும் அலைய வேண்டும், நேரம் பிடிக்கும். ஆனால் 2009-இல் வந்த விண்டோஸ் 7-லேயே அந்த வேலை வாரம் ஒருமுறை தானாக நடந்துவிடும். ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகச் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி-யில் சுழல்வதற்கு எதுவுமே கிடையாது, அதைப் போய் டீஃப்ராக் செய்தால் வீண் தேய்மானம்தான்.

விண்டோஸும் புரோகிராம்களும் தங்கள் செட்டிங்குகளைக் குறித்து வைக்கும் இடம்தான் ரிஜிஸ்ட்ரி, அதைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் ரிஜிஸ்ட்ரி க்ளீனர் இதைவிட மோசம். ஓட்டினால் சிவப்பு எழுத்தில் நூற்றுக்கணக்கான பிழைகளைக் காட்டிப் பயமுறுத்தும், சரிசெய்யப் பணம் கேட்கும். ரிஜிஸ்ட்ரியில் உள்ள பதிவுகள் லட்சக்கணக்கில் இருக்கும், அதில் சில நூறு போவதால் வேகம் மாறாது, தப்பான ஒன்று போனாலோ விண்டோஸ் திறக்காமலே போகலாம். இப்படிப்பட்ட க்ளீனர்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. 2017-இல் சிசிக்ளீனர் என்ற பிரபலமான க்ளீனர் மென்பொருளின் 5.33 பதிப்புக்குள்ளேயே யாரோ தீநிரலை நுழைத்துவிட, அது 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

புரோகிராம்கள் தற்காலிகமாகப் போட்டுவைக்கும் டெம்ப் ஃபைல்களை அழித்தால் இடம் கிடைக்கும், அவ்வளவுதான். டிஸ்க் நிரம்பி வழிகிறது என்றால் மட்டும் அது அவசியம், அதற்கும் விண்டோஸ் 10, 11-இல் தேவையில்லாத ஃபைல்களைத் தானாக அழிக்கும் ஸ்டோரேஜ் சென்ஸ் வசதி இருக்கிறது. பார்த்த பக்கங்களைப் பிரவுசர் சேமித்து வைக்கும் கேஷை அடிக்கடி அழித்தால் பக்கங்களை மறுபடி முதலிலிருந்து இறக்க வேண்டியிருக்கும், அது தாமதம்தானே?

சரி, அப்படியானால் கம்ப்யூட்டர் ஏன் மெதுவாகிறது? பெரும்பாலும், ஆன் செய்ததுமே தானாகக் கிளம்பும் புரோகிராம்கள் கூடிப்போவதால். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், அதில் ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையில்லாததை நிறுத்தலாம், காசு செலவில்லை. 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன, பிள்ளைகள் அதில்தான் டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் போடுகிறார்கள். பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கும் அந்த மாதிரி மெஷினை எத்தனை முறை க்ளீன் செய்தாலும் பயனில்லை, எஸ்எஸ்டி மாற்றி, முடிந்தால் ரேமும் (தற்காலிக நினைவகம்) கூட்டிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

நம் ஊரில் உண்மையாகவே தேவைப்படும் சுத்தம் ஒன்று உண்டு. குளச்சல், முட்டம் மாதிரி கடலோர வீடுகளில் உப்புக்காற்றின் ஈரத்தோடு தூசி சேர்ந்து விசிறியில் அப்பிக்கொள்ளும். சூடு வெளியே போகாவிட்டால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கரண்டைப் பிடுங்கிவிட்டு, விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு மெல்லிய பிரஷால் தட்டிவிட்டாலே போதும், அதுவும் வாராவாரம் வேண்டாம், தூசி படிந்திருந்தால் மட்டும்.

என் பக்கத்து வீட்டாரிடம் ஒரு கடையில் மூணு மாசத்துக்கு ஒருக்கா ஃபார்மேட் போடணும் (டிஸ்க்கை மொத்தமாக அழிப்பது) என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மகன் கல்ஃபிலிருந்து அனுப்பிய போட்டோ எல்லாம் அதில்தான் இருந்தது, யாரும் பேக்கப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. படங்கள் போனதுதான் மிச்சம், வேகம் ஒன்றும் கூடவில்லை. எனக்கு இதுதான் தாங்கவில்லை. இனி இப்படிக் குறிப்பு போடும்போது, எதை அழிப்பதற்கு முன்னாலும் முக்கியமானதை வேறு டிஸ்கில் காப்பி எடுங்கள் என்ற வரியை முதலில் போடுங்கள் ஐயா.

ஒரு வாசகர்,
தக்கலை