உருண்டைத் தலை ஊசி

ஆசிரியருக்கு,

எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்த பெண்ணுக்கு, தமிழக அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் இலவசத் தையல் மெஷின் கிடைத்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, விற்றுவிடப் போகிறேன் என்று வந்து நின்றாள். ஜாக்கெட் துணியில் ஒரு முழம் ஓட்டுவதற்குள் ‘டக்’ என்று ஊசி உடைகிறதாம். மாமியார் கண்ணேறு என்று எலுமிச்சம்பழம் கட்டிவிட்டார். பழுது பார்க்க வந்தவர் ‘டைமிங் போச்சு’, அதாவது ஊசியும் அடியில் இருக்கும் கொக்கியும் சேரும் நேரம் தப்பிவிட்டது என்று, 500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். மறுநாளே மறுபடியும் ‘டக்’.

நான் திருப்பூர் பனியன் கம்பெனியில் 11 வருடம் டெய்லராக இருந்தவள். அங்கே ஊசி உடைந்தால் தைப்பதை நிறுத்திவிட வேண்டும். துண்டுகளைத் தேடிப் பொறுக்கி, முழு ஊசியாகச் சேருகிறதா என்று பார்த்து, நோட்டில் டேப் போட்டு ஒட்டினால்தான் புது ஊசி தருவார்கள். முனை கிடைக்காவிட்டால் தைத்த உருப்படிகளை மெட்டல் டிடெக்டரில் விட்டுப் பார்ப்பார்கள். போடுகிற குழந்தையின் கழுத்தில் குத்திவிடக் கூடாதே!

அந்தப் பழக்கத்தில் முதலில் ஊசிக்குக் கீழே இருக்கும் பிளேட்டைக் கழற்றினேன். அடி நூலைக் கோக்கும் ஷட்டிலுக்கு அடியில், பஞ்சோடு பஞ்சாக, நொய்யரிசி மாதிரி மூன்று முனைகள். ஊசி இறங்கும் ஓட்டையை நகத்தால் தடவினால் சுரசுரவென்று இருந்தது. உடைந்த ஊசிகள் கொத்திய வடு. ஜீரோ நம்பர் உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்தோம். இல்லாவிட்டால் அடுத்து நூல் அறுந்துகொண்டே இருக்கும்.

பிறகுதான் ஊசியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கடையில் சில்லறையாக வாங்கியது, பாக்கெட் இல்லை. மெஷினில் மாட்டும் தலைப் பகுதி முழு உருண்டை. அது கம்பெனி மெஷினுக்கான டிபி இன்ட்டு ஒன் ஊசி. மெஷினோடு வந்த ஊசிக்குத் தலையில் ஒரு பக்கம் தட்டை. உருண்டைத் தலை இதைவிட ஒல்லி என்பதால் உள்ளே போய்விடும், ஆனால் நேராக நிற்காது. திருகாணியை எவ்வளவு முறுக்கினாலும் தைக்கத் தைக்கத் திரும்பி, ஷட்டில் கொக்கியில் இடிக்கும். டைமிங் பார்த்தவர் ஊசியைப் பார்க்கவில்லை!

தட்டைத் தலை 14-ஆம் நம்பர் ஊசி (நம்பர் கூடினால் ஊசி தடிமன்) வாங்கி வரச் சொன்னேன். தலை மேலே முட்டும்வரை ஏற்றி, நீளப் பள்ளம் நூல் கோக்கும் பக்கம் வரும்படி மாட்டினோம். இன்னொரு கெட்ட பழக்கமும் அவளுக்கு இருந்தது: துணியைப் பின்னாலிருந்து இழுப்பாள். பிளேட்டில் இருக்கும் பல் துணியைத் தள்ளுவதற்கு முன் கை இழுத்தால் ஊசி வளைந்து பிளேட்டில்தான் குத்தும். அந்தப் பழக்கத்தை விடத்தான் ஒரு வாரம் ஆனது. இப்போது ஒழுங்காக ஓடுகிறது. எலுமிச்சம்பழத்துக்குத்தான் அந்தப் பெருமை போயிருக்கிறது.

அவள் ஆறு மாதம் தையல் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவள். வெட்டவும் தைக்கவும் சொல்லிக்கொடுத்தவர்கள், எந்தத் துணிக்கு எந்த ஊசி, எந்த மெஷினுக்கு எந்தத் தலை என்று சொல்லித்தரவில்லை. ஜீன்ஸைப் 14-இல் தைத்தால் உடையத்தான் செய்யும். 16-ஓ 18-ஓ வேண்டும். தையல் வகுப்புகளில் இதற்கு ஒரு நாள் ஒதுக்க வேண்டும். இலவச மெஷினோடு சரியான ஊசி பாக்கெட் ஒன்றும், தமிழில் அரைப் பக்கக் குறிப்பும் சேர்த்துக் கொடுக்கலாம். கடைக்காரர்களும் ஊசியைப் பாக்கெட்டோடு விற்கட்டும்.

முன்னாள் பனியன் கம்பெனி டெய்லர்,
தாராபுரம்