கண்ணாடி அலுமாரியைத் திறந்து விடுங்கள்: நூலகத்துக்குப் புத்தகம் தெரிவு செய்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வாகரை தொடக்கம் பொத்துவில் வரையுள்ள உள்ளூராட்சி நூலகங்களுக்கு ஆண்டுதோறும் புத்தகம் தெரிவு செய்யும் குழுவினருக்கு,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் எழுத்தாளனுமில்லை, தமிழ் ஆசிரியனுமில்லை. இரவல் பகுதியில் புத்தகம் எடுத்துப் படிக்கும் சாதாரண அங்கத்தவன். சுற்றி வளைக்காமல் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். இந்த மண்ணில் பிறந்த புத்தகங்களை, வீட்டுக்குக் கொடுக்காமல் அங்கேயே இருந்து படிக்க வைக்கும் உசாத்துணைப் பகுதிக் கண்ணாடி அலுமாரிக்குள் மட்டும் வைத்துப் பூட்டாதீர்கள். இன்னொரு பிரதி வாங்கி இரவல் பகுதியில் போடுங்கள். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்தான்.

எந்த நூலகம் என்று சொல்லப் போவதில்லை. உயர்தரம் படிக்கும் பொடியன் ஒருவன் வந்து விமல் குழந்தைவேலின் ‘கசகறணம்’ நாவலைக் கேட்டான். புத்தகம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பளிச்சென்று நின்றது. “அது வெளியில குடுக்க ஏலா மனே, இஞ்ச இருந்து படி” என்றார் அங்கே இருந்த அக்கா. திறப்பை எடுத்து வரவும் எழும்பினார். அவரில் பிழை இல்லை. பொடியன் மணிக்கூட்டைப் பார்த்தான். ரியூஷனுக்கும் ரியூஷனுக்கும் இடையில் மேசையில் குந்தியிருந்து ஒரு நாவலை யார் படித்து முடிப்பது? பக்கத்துத் தட்டில் கிடந்த துப்பறியும் நாவல் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதில் எனக்குக் கவலை இல்லை. ஆனால், அவன் கேட்ட நாவலில் வருகிற அக்கரைப்பற்றுச் சந்தை அவனுக்கு பஸ் ஏறிப் போகிற தூரம். தமிழ்ச் சனமும் முஸ்லிம் சனமும் ஒன்றாய்ப் புழங்கிய இடம் எப்படிப் பிளந்தது என்று அந்தப் பகுதிப் பேச்சிலேயே எழுதிய புத்தகம், 2011-இல் வந்தது. வெளியூர் வாசகருக்கு அந்தப் பேச்சு முதலில் இடறும். இங்குள்ளவனுக்கு அம்மம்மா பக்கத்தில் இருந்து கதைப்பது போல இருக்கும். அந்த வாசகனைத்தான் திருப்பி அனுப்பினோம்.

குடும்ப நாவல், துப்பறியும் நாவல் என்றால் குழுக்களில் சிலர் முகம் சுளிப்பதாகக் கேள்வி. ரமணிசந்திரன் நாவல் ஒன்றின் பின்னட்டையைத் திறந்து பாருங்கள். திகதி முத்திரை குத்தும் தாள் நிறைந்து, அதன் மேல் இன்னொன்று, அதற்கும் மேல் ஒன்று என்று ஒட்டி, பசை காய்ந்து மட்டையே வளைந்து கிடக்கும். எனக்கு அந்தக் கதைகள் பிடிப்பதில்லை. கதாநாயகனுக்குப் பணமும் கோபமும் சேர்ந்தே இருக்கும், முடிவதற்குள் கோபம் மட்டும் போய்விடும். எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அதை நூலகத்தில் வைக்கக்கூடாது என்று சொல்ல முடியுமா? என் மச்சாள் ஒருத்தி அந்தத் தட்டில்தான் தொடங்கினா. இப்போது தி. ஜானகிராமனில் நிற்கிறா, ‘அம்மா வந்தாள்’ பற்றி என்னோடு சண்டை பிடிக்கிறா.

கல்கி விசயத்தில் நான் கட்சிக்காரன். 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர் ‘பொன்னியின் செல்வன்’. அந்த வாரக் கணக்கு ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசி வரியிலும் தெரியும். மூடி வைக்க விடாது. ஐந்து பாகங்களில் நமக்கு நெருக்கம் ‘சுழற்காற்று’. பூங்குழலி கோடிக்கரையில் ஓடம் தள்ளி வந்தியத்தேவனை இலங்கைக்குக் கொண்டுவந்து விடுகிற பாகம். கடைசிப் பாகம் இழுவை. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதிலும் மனுசன் நழுவிவிட்டார் என்பதே என் எண்ணம். 2022-இலும் 2023-இலும் படம் வந்த பிறகு பிள்ளைகள் இதைத் தேடி வருகிறார்கள். தட்டில் முதலாம், இரண்டாம், நாலாம், ஐந்தாம் பாகம் இருக்கும். ‘கொலைவாள்’ மட்டும் இருக்காது. யாரோ கொண்டுபோனது வரவே இல்லை. தொலைந்த பாகத்தை மட்டும் தனியாக வாங்க உங்கள் ஒழுங்குவிதியில் இடமில்லையா? இருந்தால் தயவுசெய்து வாங்குங்கள்.

செவ்விலக்கியம் என்றதும் தங்க எழுத்துப் போட்ட கெட்டி அட்டைத் தொகுதிகள் வருகின்றன. வரிசையாக, அழகாக நிற்கின்றன, யாரும் தொடுவதில்லை. சிலப்பதிகாரம் மட்டும் பல பதிப்பு. சரி, இருக்கட்டும். ஆனால் வைகாசி பிறந்தால் தம்பிலுவிலிலும் காரைதீவிலும் செட்டிபாளையத்திலும் கண்ணகி கோயில் கதவு திறந்து, கடைசிச் சடங்கான குளிர்த்தி முடியும் வரைக்கும், கண்ணகி கதையை நம் பக்கத்தில் பாடும் ‘கண்ணகி வழக்குரை’யைக் கேட்டு வளர்ந்த சனம் நாம். அதில் வரும் கடலோட்டு காதை இளங்கோவடிகளிடம் இல்லை. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடி மீகாமன் கப்பலேறுகிறான். வழியில் வெடியரசனோடு பெரும் சண்டை. இது காப்பியமா, நாட்டார் பாடலா என்று பேராசிரியர்கள் பார்த்துக்கொள்ளட்டும். வாசகனாகச் சொன்னால், புகார்க் காண்டத்தின் பல இடங்களை விட அந்தக் கடற்சண்டை எனக்கு விறுவிறுப்பு. வீ.சி. கந்தையா பதிப்பித்த அந்த நூலைக் கேளுங்கள், அவருடைய ‘மட்டக்களப்புத் தமிழகம்’ கேளுங்கள், எவ்.எக்ஸ்.சி. நடராசா 1962-இல் பதிப்பித்த, மட்டக்களப்பின் பழைய வரலாறு சொல்லும் ‘மட்டக்களப்பு மான்மியம்’ கேளுங்கள். எல்லாவற்றுக்கும் பதில் கண்ணாடி அலுமாரிதான்.

வாழ்க்கை வரலாற்றுத் தட்டைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். அங்கே நிற்பது பெரும்பாலும் வென்றவர் கதை. ‘அக்கினிச் சிறகுகள்’ பல பிரதி வாங்கியிருக்கிறீர்கள். அதன் இராமேஸ்வரம் பகுதியை நானும் ரசித்தேன். தகப்பன் கட்டிய படகைப் புயல் அள்ளிப் போகிற இடத்தை, சூறாவளி கண்ட ஊர்க்காரன் சும்மா கடந்து போக முடியாது. படிப்புச் செலவுக்கு அக்கா நகையை அடகு வைக்கிற இடமும் அப்படித்தான். றொக்கெட் வந்த பிறகு புத்தகம் கந்தோர் அறிக்கையாகிவிடுகிறது. ஆனாலும் அது பரவாயில்லை. அதன் பக்கத்தில் நிற்கிற, தலைவர்களையும் பணக்காரர்களையும் நூறு பக்கத்தில் சுருக்கிய மெல்லிய புத்தகங்களைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாரும் ஏழையாய்ப் பிறந்து, தெருவிளக்கில் படித்து, ஒரே மாதிரி உயர்கிறார்கள். பேரை மாற்றிப் போட்டாலும் கதை ஓடும்.

உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ அப்படி இல்லை. 1940-இல் ஆனந்த விகடனில் தொடங்கி, 1942-இல் அவர் காலமானதோடு பாதியில் நின்ற புத்தகம். கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று இவர் அடுக்குகிறார். கேட்டவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. இவ்வளவுதானா, சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். கல்லூரித் தமிழ்ப் பண்டிதருக்கு அந்த இடத்தில் எப்படி இருந்திருக்கும்! நடந்ததை ஒளிக்காமல் எழுதி வைத்தார் பாருங்கள், அதுதான் சுயசரிதை. ‘சீவக சிந்தாமணி’ அவர் பதிப்பாக 1887-இல் வந்ததற்கு அந்தக் கேள்விதான் தொடக்கம்.

நம் காரைதீவில் 1892-இல் பிறந்த விபுலாநந்த அடிகளுக்கு அப்படி ஒரு வரலாறு என் கண்ணில் படவில்லை. நான் படித்தவை எல்லாம் விழா மலர்க் கட்டுரைகளைத் தைத்தவை போல இருக்கின்றன. லண்டன் பி.எஸ்ஸி. பட்டதாரி, மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர், மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர், இத்தனையும் ஆன மயில்வாகனனார் (துறவுக்கு முன் அடிகளின் பெயர் அதுதான்) ஏன் எல்லாவற்றையும் விட்டுத் துறவு பூண்டார்? அந்த இடத்தை ஒரே வசனத்தில் தாண்டுகிறார்கள். பழந்தமிழ் இசை பற்றி அவர் எழுதிய ‘யாழ் நூல்’ 1947 யூனில் அரங்கேறியது, யூலையில் அவர் காலமானார். கணிதமும் இசையும் சிலப்பதிகாரமும் கலந்த அந்த வேலையை வருடக்கணக்கில் ஒரு மனிதர் எப்படிச் செய்தார் என்று சொல்ல எத்தனை பக்கம் தேவை! எழுதுவது உங்கள் வேலை இல்லை, தெரியும். யாராவது எழுதினால் அதை அலுமாரிக்குள் வைத்துவிடாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

எழுத்தாளர் எஸ்.பொ.வின் (எஸ். பொன்னுத்துரை) சுயசரிதை ‘வரலாற்றில் வாழ்தல்’ கண்ணாடிக்குள் நிற்கிறது, இரண்டு தடித்த பாகம். யாழ்ப்பாணத்தில் பிறந்து மட்டக்களப்பில் ஆசிரியராக இருந்த மனிதர், நம் ஊரையும் விட்டு வைக்கவில்லை. அளவுக்கு மீறித் தன் புகழ் பாடுகிறார், பகைவரை ஒரு பக்கமாகவே பார்க்கிறார். ஆனால் சலிப்புத் தட்டுவதில்லை. இரண்டு பாகத்தையும் உசாத்துணை மேசையில் இருந்து படித்து முடிக்க ஒருவருக்கு ஓய்வூதியம் வர வேண்டும்.

அரிய பிரதி தொலைந்தால் யார் பொறுப்பு என்று கேட்பீர்கள். நியாயம்தான். 1978 நவம்பர் சூறாவளியும் 2004 சுனாமியும் கண்ட கரை இது. பழைய பதிப்பைப் பூட்டியே வையுங்கள். வீரகேசரி பிரசுரமாக எழுபதுகளில் மலிவு விலையில் வந்து, பஸ்ஸிலும் வயல் வாடியிலும் புரண்ட நாவல்களே இன்று அரிய நூலாகிவிட்டன. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ அப்படி 1973-இல் வந்ததுதான். அவற்றைக் காப்பாற்றத்தான் வேண்டும். நான் கேட்பது இன்று கடையில் காசு கொடுத்தால் கிடைக்கிற, மறுபதிப்பு வந்த புத்தகங்களை. எஸ்.எல்.எம். ஹனீபாவின் சிறுகதைத் தொகுதி ‘மக்கத்துச் சால்வை’யில் ஒரு பிரதி ஓட்டமாவடிப் பிள்ளை ஒன்றின் புத்தகப் பையில் கிடந்து கசங்கினால் என்ன நட்டம்? நூலகம் திட்டத்தார் 2005 முதல் ஈழத்து நூல்களை இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்களே என்று ஒருவர் சொன்னார். பெரிய சேவை, மறுக்கவில்லை. ஆனால் அறுபது தாண்டிய கண்ணுக்குப் போனில் ‘மான்மியம்’ படிப்பது தண்டனை. டேட்டாவும் சும்மா வருவதில்லை.

இரவல் மேசையில் ‘வாசகர் ஆலோசனை’ என்று ஒரு பதிவேடு வைத்திருக்கிறீர்கள். நான் எழுதியதும் மற்றவர்கள் எழுதியதும் அதில் இருக்கின்றன, எந்தப் பக்கத்திலும் பதில் இல்லை. அடுத்த தெரிவுக் கூட்டத்துக்கு பதிப்பகங்களின் விலைப்பட்டியலோடு அந்தப் பதிவேட்டையும் எடுத்துப் போங்கள். என் கையெழுத்து கொஞ்சம் மோசம், விளங்காவிட்டால் நூலக அக்காவைக் கேளுங்கள், அவருக்கு மனப்பாடம்.

இப்படிக்கு,
இரவல் பகுதி அங்கத்தவன் ஒருவன்