தீவைச் சுற்றி எத்தனை கிலோ மீன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 21 தீவுகள், 117 வகைப் பவளங்கள், நட்டு வளர்க்கும் பவளத் துண்டுகள், வான் தீவு அரித்துப் போகாமலிருக்கக் கடலில் இறக்கிய செயற்கைப் பார்கள் (கடலடித் திட்டுகளைப் பார் என்போம்) என்று நிறையத் தகவல் இருந்தது. படங்களும் அருமை. ஆனால் "பூங்காவால் மீன்வளம் பெருகியிருக்கிறது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கட்டுரை அடுத்த பத்திக்குப் போய்விட்டது. அந்த வரிக்கு ஆதாரமாக ஓர் எண்கூடத் தரவில்லை. மீனவர்களுக்கு மிக முக்கியமான வரி அதுதான் என்பதால் எழுதுகிறேன்.

1986இல் பூங்கா அறிவிக்கப்பட்டபோது மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை 560 சதுர கிலோமீட்டர் கடல் அதற்குள் போனது. பின்னாளில் காவல் இறுகியபோது தீவுக்குப் போய்ப் பாசி எடுத்த பெண்களுக்கும், பாரை ஒட்டி வலை விட்டவர்களுக்கும் அது பிழைப்பில் கை வைத்த விஷயம். "உள்ளே மீன் பெருகினால் வெளியே உங்களுக்குத்தான் லாபம்" என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. சொன்னது நடந்ததா என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. பவளம் எத்தனை வகை என்பது அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. மீன் எத்தனை வகை என்பதும் ஆகாது. ஒரு பாரில் ஒரு வகைக்கு நான்கு குஞ்சு மீன்கள் இருந்தாலும் வகைகளின் பட்டியல் நீளமாகத்தான் இருக்கும்.

பார் மீன்களை அளக்க உலகம் முழுக்கப் பழக்கத்தில் இருக்கும் வழி எளிமையானது. முக்குளிப்பவர் ஒருவர் பாரின் மேல் 50 மீட்டர் நாடாவை விரித்து, அதை ஒட்டி 5 மீட்டர் அகலத்துக்குள் தென்படும் ஒவ்வொரு மீனின் வகையையும் நீளத்தையும் பலகையில் குறித்துக்கொண்டே நீந்துவார். நீளம் தெரிந்தால் எடையைக் கணக்கிட்டுவிடலாம். கூட்டினால் ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்று வரும்.

தலைகளை எண்ணினால் போதாது, எடை வேண்டும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஒரே வகையில் 40 செ.மீ. மீன் 20 செ.மீ. மீனைப்போல ஏறக்குறைய எட்டு மடங்கு எடை இருக்கும். முட்டையும் அதற்கேற்ப, பல வகைகளில் அதைவிடவும் கூடுதலாக இருக்கும். இன்னொன்றும் உண்டு. கலவா இனத்தில் பலவும் பெண்ணாகப் பிறந்து, பெருத்த பிறகுதான் ஆணாக மாறுகின்றன. கிளிமீன்களிலும் அப்படியே. பெரியதையே தேடிப் பிடித்துக்கொண்டிருந்தால் பாரில் மீன் இருக்கும், ஆண் இருக்காது. எண்ணிக்கை மட்டும் எழுதிய அறிக்கையில் இது தெரியவே தெரியாது.

பார்களில் எவ்வளவு மீன் இருக்கக்கூடும் என்பதற்கு ஓர் அளவுகோலும் இருக்கிறது. உலகெங்கும் 800க்கும் மேற்பட்ட பவளப் பார்களின் கணக்கைச் சேர்த்து 2015இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வின்படி, மீன்பிடிப்பே இல்லாத பாரில் ஹெக்டேருக்குச் சுமார் 1,000 கிலோ மீன் இருக்கும். மீன்பிடிப்பு நடக்கும் பார்களில் 83 விழுக்காடு, அதில் பாதிக்கும் மேல் இழந்தவை. பாதுகாத்தால் மீள்வதற்குச் சராசரியாக 35 ஆண்டு ஆகுமாம். மிக மோசமாக அழிந்தவற்றுக்கு 59 ஆண்டு. அதனால் ஐந்து வருடத் திட்டம் முடிந்ததும் "வெற்றி" என்று எழுதுவதும், பத்து வருடத்தில் "தோல்வி" என்று கைவிடுவதும் இரண்டுமே அவசரம்தான். நம் பூங்காவுக்கு இப்போது வயது அந்தச் சராசரியைத் தாண்டிவிட்டது. ஹெக்டேருக்கு எத்தனை கிலோ என்று கேட்க இதைவிடப் பொருத்தமான நேரம் கிடைக்காது.

எண்ணுவதைக் கற்றுக்கொள்ளலாம், எதனோடு ஒப்பிடுவது என்பதில்தான் சிக்கலே. பூங்கா வருவதற்கு முன் எவ்வளவு மீன் இருந்தது, பின் எவ்வளவு, அதே இரண்டு காலங்களிலும் பூங்காவுக்கு வெளியே இருக்கும் அதே மாதிரியான பாரில் எவ்வளவு என்று நான்கு எண்கள் இருந்தால் யாரும் மறுக்க முடியாத பதில் சொல்லலாம். நம்மிடம் 1986க்கு முந்தைய கிலோ கணக்கு கிடையாது. வெளியே ஒப்பிடுவதற்கும் இடம் குறைவு. வளைகுடாவின் பவளம் பெரும்பாலும் தீவுகளைச் சுற்றித்தான் இருக்கிறது, தீவுகள் எல்லாமே பூங்காவுக்குள். வடக்கே பாக் விரிகுடாவில் தங்கச்சிமடம் பக்கம் பவளம் உண்டு, அது பூங்காவில் சேராது. ஆனால் அங்கே தண்ணீர் வேறு, கலங்கல் வேறு. அந்தப் பாரில் மீன் குறைவாக இருந்தால் பாதுகாப்பு இல்லாததாலா, சேற்றாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

போதாததற்கு, இந்த நாற்பது ஆண்டில் பூங்கா மட்டும்தான் மாறியதா? தூத்துக்குடித் தீவுகளில் சுண்ணாம்புக்காகப் பவளக்கல் வெட்டுவது 2000களின் நடுப்பகுதி வரை நடந்தது, விலாங்குசல்லித் தீவு தண்ணீருக்குள் போனதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. 2010இலும் 2016இலும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது. 2016 ஜூனில் 38.9 விழுக்காடாக இருந்த உயிர்ப் பவளப் பரப்பு அக்டோபரில் 22.7 ஆகக் குறைந்ததைத் தூத்துக்குடி ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 2017இல் மீன்பிடித் தடைக்காலம் 45 நாளிலிருந்து 61 நாளானது. மீன் கூடினாலும் குறைந்தாலும் இவற்றில் எதன் கணக்கில் எழுதுவது? பவளம் செத்தால் அதன்மேல் பாசி படரும், பாசி மேயும் ஓராவும் கிளிமீனும் கொஞ்ச காலம் கூடும். அதை மட்டும் பார்த்து "மீன் பெருகிவிட்டது" என்று எழுதினால் நோயைச் சுகம் என்று எழுதியதாகிவிடும். மீன் கணக்கோடு பவளக் கணக்கும் அதே நாளில் அதே இடத்தில் எடுக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

இதெல்லாம் சொல்வதால் நான் பூங்காவுக்கு எதிரி இல்லை. மூடி வைத்தால் பலன் உண்டு என்பதற்குப் பிலிப்பைன்ஸின் சுமிலோன் தீவைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. செபுவின் தென்முனைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னஞ்சிறு தீவு அது. அதன் பாரில் கால் பங்கை 1974இல் மூடினார்கள். பத்து வருடம் காவல் நின்றது. 1984இல் உள்ளூர் அரசியலில் காவல் குலைந்து, எல்லோரும் உள்ளே புகுந்து பிடித்தார்கள். ஆய்வாளர்கள் அல்காலாவும் ரஸ்ஸும் முன்னும் பின்னும் தீவில் இறங்கிய மீனை நிறுத்துக் கணக்கு வைத்திருந்ததால் நடந்தது தெரிந்தது. இரண்டு வருடத்துக்குள் மொத்த மீன்பாடு ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. முக்கால் பாரில் பிடித்தபோது கிடைத்த மீன், முழுப் பாரையும் திறந்துவிட்ட பிறகு கிடைக்கவில்லை. எந்தப் பிரசங்கமும் இல்லாமல் மீனவருக்கே புரியும் கணக்கு இது. தண்ணீருக்குள் எண்ணியதோடு நிறுத்தாமல் கரையில் இறங்கிய கூடைகளையும் நிறுத்ததால் கிடைத்த கணக்கு.

எதிர்ப்பக்கத்துச் சாட்சியும் இருக்கிறது. 2014இல் உலகின் 87 கடல் பாதுகாப்பிடங்களைப் பார்த்த ஆய்வில், 59 விழுக்காடு இடங்களுக்கும் சாதாரணமாக மீன்பிடிக்கும் இடங்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. வித்தியாசம் தெரிந்த இடங்களில் ஐந்து குணங்களில் நான்கோ ஐந்தோ இருந்தன: மீன்பிடிப்பு அறவே இல்லாமை, உண்மையான காவல், பத்து வருடத்துக்கு மேல் வயது, 100 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு, ஆழ்கடலோ மணலோ சூழ்ந்து தனித்திருப்பது. நம் பூங்காவுக்கு வயதும் பரப்பும் உண்டு. தனித்திருப்பது இல்லை, தீவுகள் கரையிலிருந்து சில கிலோமீட்டரில்தான் இருக்கின்றன, எதிரே ஊர் மேல் ஊர். முதல் இரண்டைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, ஏர்வாடியிலோ தருவைக்குளத்திலோ யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

முன்கணக்கு இல்லை என்பதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. கீழக்கரைப் பக்கம் பார்களில் கூடு போட்டு மீன் பிடிப்பது பழைய தொழில். கூடு நல்ல அளவுகோல். ஒரே அளவுக் கூடு, இத்தனை இரவு கிடந்தது, தூக்கியபோது கலவா, விளமீன், செப்பிலி எவ்வளவு என்று எழுதினால் போதும். தீவிலிருந்து எத்தனை தூரத்தில் போட்டது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். உள்ளிருக்கும் மீன் வெளியே வழிந்து வருவது உண்மையானால் எல்லைக்கு அருகே கூட்டில் மீன் கூடுதலாகவும் பெரியதாகவும் இருந்து, தூரம் போகப் போகக் குறையும். குறையவில்லையா, அப்போது "வெளியே உங்களுக்குத்தான் லாபம்" என்ற பேச்சை நிறுத்திக்கொள்ளலாம்.

தண்ணீருக்குள் எண்ணுவதற்கும் வெளியூரிலிருந்து ஆள் கூட்டி வர வேண்டாம். சங்கு குளிப்பவர்கள் இருக்கிறார்கள், எந்தப் பார் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும், நீளம் கணிக்கச் சில வாரம் பழக்கினால் போதும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் ஆடியில் கடல் கலங்கிவிடும், அதனால் ஒவ்வொரு வருடமும் கடல் தெளிந்திருக்கும் அதே மாதத்தில் எண்ண வேண்டும். ஒரு சின்ன ஜாக்கிரதையும் வேண்டும். ஈட்டியால் குத்திப் பிடிக்கும் இடத்து மீன் ஆளைக் கண்டதும் ஓடும், காவல் உள்ள இடத்து மீன் ஓடாது. இதனாலேயே பூங்காவுக்குள் மீன் கூடுதலாகத் தோன்றும். சில இடங்களில் ஆளுக்குப் பதில் இரை கட்டிய கேமராவை இறக்கி இதைச் சரிபார்த்துக்கொள்கிறார்கள்.

செயற்கைப் பார்களைச் சுற்றி மீன் கூட்டம் நிற்கும் படத்தையும் வெளியிட்டிருந்தீர்கள். பக்கத்தில் எங்கோ இருந்த மீன் அங்கே வந்து நிற்கிறதா, புதிதாகப் பிறந்து வளர்ந்ததா என்று படம் சொல்லாது. மீன் ஒரே இடத்தில் கூடினால் பிடிப்பதும் சுலபம் என்பதை மறந்துவிடக் கூடாது.

அடுத்த முறை உங்கள் நிருபர் பூங்கா அதிகாரிகளைச் சந்திக்கும்போது ஒரு தீவுக் கூட்டத்துக்காவது ஹெக்டேருக்கு எத்தனை கிலோ, எந்த மாதம், எத்தனை வருடக் கணக்கு என்று கேட்டு வாங்கி அப்படியே அச்சிடுங்கள். அதே வாரம் கீழக்கரைக் கரையில் கூட்டுக்காரர்களிடமும் விசாரித்து, இரண்டையும் ஒரே பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
இராமநாதபுரம் மாவட்டம்