கல்யாணமாகி 19 வருடத்துக்குப் பிறகு குணப்பொருத்தம் பார்க்கும் அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

உங்கள் குணத்துக்கும் உங்கள் கணவர் குணத்துக்கும் கேள்வி வாரியாக மதிப்பெண் போட்டு நீங்கள் அனுப்பிய இரண்டு தாள்களும் கிடைத்தன. அவர் கூட்டத்தைக் கண்டால் ஒதுங்குவார், உங்களுக்கோ நாலு பேர் வேண்டும். அவர் போட்டது போட்டபடி எழுந்து போவார், உங்களுக்குத் துண்டின் மடிப்புகூடக் கலையக் கூடாது. "குணமே ஒத்துப்போகல, அதான் இழுபறி" என்று கீழே எழுதியிருக்கிறீர்கள். அந்த முடிவில்தான் எனக்குச் சம்மதமில்லை.

ஆஸ்திரேலியா, பிரிட்டன், ஜெர்மனி மூன்றிலும் சேர்த்து 20,000 பேருக்கு மேல் ஆராய்ந்த முடிவு 2010-ல் வெளிவந்தது. மணவாழ்க்கையில் ஒருவருக்கு நிறைவு, இன்னொருவருக்குக் குறை என்று இருக்கிறதல்லவா? அந்த வேறுபாட்டில் சுமார் 6 சதவீதம் அவரவர் சொந்தக் குணத்தோடு சேர்ந்து வருகிறது. துணையின் குணத்தோடு 1 முதல் 3 சதவீதம். இருவரும் ஒரே மாதிரி இருப்பதற்கு அரை சதவீதம்கூட இல்லை. எல்லாமே சிறிய எண்கள்தான். குணம் தலையெழுத்து இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

அதிலும் எந்தக் குணம் என்று கேட்டால், மனப்பதற்றம், அதாவது சின்ன விஷயத்துக்கும் மனம் பதறிப்போவது. அமெரிக்காவில் லோவெல் கெல்லி என்ற உளவியலாளர் 1930-களின் நடுவில், நிச்சயமான 300 ஜோடிகளை எடுத்துக்கொண்டார். அவர்களிடமே கேட்டு விட்டுவிடாமல், ஒவ்வொருவரையும் பற்றித் தெரிந்தவர்கள் 5 பேரிடம் மதிப்பெண் வாங்கினார். (கல்யாணக் கனவில் இருப்பவர்கள் தங்களைப் பற்றி எழுதுவதை எவ்வளவு நம்புவது?) 1980 வரை பின்தொடர்ந்ததில், மணவாழ்க்கை எப்படிப் போனது என்பதோடு அதிகம் சேர்ந்து வந்தவையாக மூன்று விஷயங்கள் முன்னால் நின்றன: கணவனின் மனப்பதற்றம், மனைவியின் மனப்பதற்றம், கணவன் தன் உந்துதலை அடக்கத் தெரிந்தவனா என்பது.

பதற்றம் வேலை செய்யும் விதம் எளிது. அவர் சொல்லாமல் முக்கால் மணி நேரம் தாமதமாக வருகிறார். நிதானமான மனம் "டிராஃபிக்" என்று நினைக்கும். பதறும் மனம் "நம்மை மதிக்கவில்லை" என்று எடுத்துக்கொள்ளும். கதவு திறக்கும்போதே குரல் உயர்ந்துவிடும், அவர் பேசாமல் உள்ளே போவார், அந்த மௌனமும் கணக்கில் ஏறும்.

உங்கள் தாளில் ஒரு கோளாறு இருக்கிறது. அவருடைய தாளையும் நீங்களே நிரப்பியிருக்கிறீர்கள், அதுவும் சண்டை நடந்த வாரத்தில். அதில் தெரிவது அவர் குணம் இல்லை, உங்கள் கோபம். இருவரும் தனித்தனியாக, தனக்கு ஒன்று, துணைக்கு ஒன்று என நிரப்புங்கள். இரண்டு வாரம் கழித்து, முதல் தாளைப் பார்க்காமல் மறுபடி நிரப்புங்கள். கூட்டுத்தொகை வேண்டாம், எந்தக் கேள்வியில் அவர் தன்னைப் பற்றிச் சொன்னதும் நீங்கள் அவரைப் பற்றிச் சொன்னதும் அதிகம் விலகுகின்றன என்று பாருங்கள். தூக்கமின்மை, தைராய்டு, மாதவிடாய் நிற்கும் காலம் இவையும் பதற்ற மதிப்பெண்ணை ஏற்றும். அதற்கு மருத்துவரைப் பாருங்கள். அடி உதையோ குடியோ இருந்தால் இந்தத் தாள்களே வேண்டாம், அது குணப் பிரச்சினை இல்லை.

செய்ய வேண்டியது சிறியது. சிகாகோ பக்கம் 120 தம்பதிகளிடம் ஒரு எழுத்துப் பயிற்சி பார்த்தார்கள். நான்கு மாதத்துக்கு ஒருமுறை, 7 நிமிடம், ஆண்டுக்கு மொத்தம் 21 நிமிடம். பாதிப் பேர் மட்டும் எழுதினார்கள். எழுதாதவர்களின் திருப்தி சரிந்துகொண்டே போக, எழுதியவர்களுக்குச் சரிவு நின்றது. சண்டை குறையவில்லை, சண்டையால் வந்த மனவேதனைதான் குறைந்தது.

அந்தப் பயிற்சி இதுதான். சமீபத்திய சண்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் நல்லது நினைக்கும், யார் பக்கமும் சாயாத ஒருவர் அதைப் பார்த்தால் என்ன சொல்வார்? சண்டையின்போது அப்படிப் பார்க்க உங்களைத் தடுப்பது எது? அடுத்த நான்கு மாதத்தில் அந்தத் தடையை எப்படித் தாண்டுவீர்கள்? இந்த மூன்றையும் எழுதுங்கள். உங்கள் அம்மாவையோ அவர் அக்காவையோ அந்த மூன்றாம் ஆளாக வைக்காதீர்கள். அவர்களுக்குப் பக்கம் உண்டு.

அவர் எழுத மாட்டேன் என்றால் விடுங்கள், உங்கள் 7 நிமிடத்தை முதலில் முடியுங்கள். இரண்டாம் முறை நிரப்பிய தாள்களை மட்டும் எனக்கு அனுப்பினால் போதும்.

அன்புடன்,
தம்பி