பயிற்றுவிப்பாளர்களுக்கு நிர்வாகக் குழுவில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூர் பிரிமியர் லீக்கில் ஒரு வெற்றிக்கு 3 புள்ளிகள் வழங்கப்படுகின்றன. 1981ல் இம்முறையை இங்கிலாந்து லீக் ஏற்க முக்கியக் காரணமாக இருந்தவர் ஜிம்மி ஹில். ஆட்டக்காரர், பயிற்றுவிப்பாளர், குழுத் தலைவர் என்று காற்பந்தின் எல்லாப் பொறுப்புகளையும் வகித்த அவரது பணி வாழ்க்கையை நம் நிர்வாகிகள் கருத்தில் கொள்ள வேண்டும்.

புல்ஹம் குழுவுக்காக விளையாடிக்கொண்டிருந்தபோதே, 1957ல் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவராகி, வாரச் சம்பளம் 20 பவுண்டைத் தாண்டக்கூடாது என்றிருந்த விதியை எதிர்த்துப் போராடி, 1961ல் அதை நீக்கவைத்தார். அதே ஆண்டின் இறுதியில், மூன்றாம் டிவிஷனில் இருந்த கவன்ட்ரி சிட்டி குழுவின் பயிற்றுவிப்பாளர் பொறுப்பை ஏற்று, 1967க்குள் அக்குழுவை முதன்முறையாக முதல் டிவிஷனுக்கு உயர்த்தினார். அங்கு அவர் உத்திகளை வகுத்ததோடு நின்றுவிடவில்லை. சீருடையை வான்நீல நிறத்துக்கு மாற்றினார். வெளியூர் ஆட்டங்களுக்கு ரசிகர்கள் செல்லத் தனி ரயிலுக்கு ஏற்பாடு செய்தார். ரசிகர் இல்லாமல் குழு இல்லை என்பதைத் திடலில் நின்றே கற்றுக்கொண்டவர் அவர்.

பின்னர் அதே குழுவுக்கு நிர்வாகியாகத் திரும்பியவர், தலைவராக இருந்தபோது, 1981ல் ஹைஃபீல்டு ரோடு அரங்கம் முழுவதிலும் இருக்கைகளை அமைத்தார். நின்று பார்த்தே பழகிய ரசிகர்கள் அதை விரும்பாததால், சில ஆண்டுகளில் ஒரு பகுதி இருக்கைகளை அகற்ற நேர்ந்தது. ஆயினும், 1989ல் ஹில்ஸ்பரோ அரங்கில் கூட்ட நெரிசலால் நிகழ்ந்த பேரிடருக்குப் பிறகு, முழுவதும் இருக்கைகள் கொண்ட அரங்கமே இங்கிலாந்தின் உயர்நிலைக் குழுக்களுக்குக் கட்டாயமானது. 1987ல், புல்ஹம் குழுவை மற்றொரு லண்டன் குழுவுடன் இணைத்து, அதன் அரங்க நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு விடும் திட்டம் எழுந்தபோது, குழுவை மீட்க முன்வந்தவர்களுக்குத் தலைமை தாங்கி, அதன் தலைவரானவரும் அவரே. கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்க்கும் ஒருவர் அவ்வாறு முன்வந்திருப்பாரா என்பது ஐயமே.

நம் நாட்டில், வழக்கறிஞரான திரு என். கணேசன் சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கத்தின் தலைவராக இருந்தபோது மலேசியக் கிண்ண ஆட்டங்களை ஜாலான் புசார் அரங்கிலிருந்து தேசிய விளையாட்டரங்கத்திற்கு மாற்றினார்; சூ செங் குவீயின் பயிற்சியில் 1977ல் கிண்ணம் நம் வசமானது. துணிவுள்ள நிர்வாகியும் திடலை அறிந்த பயிற்றுவிப்பாளரும் ஒருமித்துச் செயல்பட்டதால் கிடைத்த வெற்றி அது. 2020ல் லயன் சிட்டி செய்லர்ஸ் குழு தனியார்மயமான பிறகு முதலீடும் வந்துள்ளது. அக்குழுவின் தலைவராக இருந்த திரு ஃபாரஸ்ட் லி 2025ல் சங்கத்தின் தலைமையை ஏற்றார். இவ்வேளையில், பல்லாண்டு பயிற்சியளித்து ஓய்வுபெறுவோரின் அனுபவத்தை வீணாக்கலாகாது.

ஒவ்வொரு குழுவும் தன் நிர்வாகக் குழுவில் முன்னாள் பயிற்றுவிப்பாளர் ஒருவருக்காவது வாக்குரிமையுடன் கூடிய இடம் ஒதுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். பெயரளவிலான ஆலோசகர் பதவி போதாது. வரவுசெலவு, ஒப்பந்தம், விளம்பர ஆதரவு ஆகியவற்றில் அவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பைச் சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கம் ஏற்க வேண்டும். அப்பயிற்சி பகுதிநேரமாக, மாலை வேளைகளில் நடைபெற்றால், இன்று பள்ளிகளில் பணியாற்றும் பயிற்றுவிப்பாளர்களும் அதில் சேர இயலும்.

இப்படிக்கு,
தெம்பனிஸ் வாசகர்