ஆசனம் அல்ல, வாயிலே கணக்கு

ஆசிரியருக்கு,

இங்கிலாந்து உதைபந்தாட்டக் கழகங்களின் சொந்த மைதானப் போட்டிக்குச் சீட்டே கிடைப்பதில்லை என்று ஹட்டனிலும் பண்டாரவளையிலும் உள்ள ரசிகர்கள் குறைப்படுவதுண்டு. லிவர்பூல் கழகத்தின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் ஏறத்தாழ 61,000 ஆசனங்கள். அவற்றில் பெரும்பகுதி பருவச்சீட்டுக்காரர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் போய்விடும். பிரீமியர் லீக் விதிப்படி எதிரணி ரசிகர்களுக்கு 3,000. சிறிய மைதானமென்றால் பத்தில் ஒரு பங்கு. வெளியாரிடம் வாங்கும் சீட்டை நம்ப முடியாது. அனுமதியில்லாத மறுவிற்பனை அங்கே 1994 முதல் குற்றம்.

ஆசனத்தைக் கூட்டினால் தீருமே என்பார்கள். கொள்ளளவைத் தீர்மானிப்பது ஆசனம் மட்டுமல்ல, வாயிலும்தான். 1971இல் ஐப்ராக்ஸ் மைதானப் படிக்கட்டு நெரிசலில் 66 பேர் இறந்த பின் பிரித்தானியாவில் மைதானப் பாதுகாப்புக்கென ஒரு வழிகாட்டி நூல் வந்தது. அதன் இன்றைய கணக்கு: ஒரு சுழல்கதவால் மணிக்கு அதிகபட்சம் 660 பேர் நுழையலாம். எல்லாரும் வெளியேற அதிகபட்சம் 8 நிமிடம். ஒரு மீற்றர் அகல வழியில் நிமிடத்துக்குச் சமதளத்தில் 82 பேர், படிக்கட்டில் 66 பேர் வெளியேறலாம்.

நம் மலையகத்தில் வீதியிலிருந்து படியிறங்கிப் போகும் மைதானங்கள் உண்டு. 1.2 மீற்றர் அகலப் படி ஒன்றே வழியென்றால், 8 நிமிடத்தில் ஏறி வெளியேறக்கூடியவர்கள் சுமார் 630 பேர்தான். அதுவும் மழையில் வழுக்காத படியென்றால்! இறுதிப்போட்டிக்கு 2,000 சீட்டு அச்சடிப்பவர்கள் முதலில் வாயிலை நாடாவால் அளக்கட்டும். ஆட்டம் தொடங்கியதும் பூட்டிவிடும் கதவைக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

உதைபந்தாட்ட ரசிகர்,
ஹட்டன்