வாத்தியாருக்காக அந்தக் கேசட்டைக் கொண்டு வா

கோத்தகிரி
23.6.2024

அன்புள்ள மாப்ளே,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். ஐந்து மாதமாகிவிட்டது, தப்புதான். இங்கே எல்லோரும் சௌக்கியம். பச்சைத் தேயிலை விலையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கடிதம் முழுக்க அதுவாகிவிடும், விடு. தங்கச்சிக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? உன் வீட்டு மாடி இன்னும் காலிதானா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் கிதார் வாத்தியார் மூன்று வாரமாக ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் கேட்க வரவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் வராத ஞாயிறு எத்தனை இருக்கும் சொல். அவர் அம்மா தவறியபோது ஒன்று. 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து ரோடு போனபோது ஒன்றிரண்டு. இப்போது ரோடு நன்றாகத்தான் இருக்கிறது, லேசான சாரல்தான். அவர் வராததற்குக் காரணம் ‘மெஷின் ஹெட்’, நம் டீப் பர்ப்பிள் ராக் குழுவின் ஆல்பம்.

பெரியவள் பெங்களூரிலிருந்து வரும்போது எனக்கென்று அதன் புதுப் பதிப்புப் பெட்டியை வாங்கி வந்தாள். டீப் பர்ப்பிள் அந்த ஆல்பத்தைப் போட்டு 2022-லேயே 50 வருஷம் ஆகிவிட்டது, பெட்டி இந்த மார்ச் 29-ம் தேதிதான் வந்தது. பழைய பாட்டுகளைத் துடைத்துப் போட்டது ஒரு பக்கம் என்றால், மூல டேப்பிலிருந்து ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாக எடுத்து மறுபடி கலந்த புது மிக்ஸ் இன்னொரு பக்கம். 1971 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் மொந்த்ரோவில் நடந்த அவர்கள் கச்சேரியும் கூடவே இருக்கிறது. நம்மைச் சுற்றிலும் சத்தம் கேட்கிற அட்மாஸ் என்றெல்லாம் போட்டிருக்கிறது, அதற்கான சாமான் நம்மிடம் ஏது. என் பழைய சோனோடைன் ஸ்பீக்கரில்தான் போட்டோம். தம்பி சீக்கிரமே வந்து உட்கார்ந்துவிட்டான். வாத்தியார் வழக்கம் போல வர்க்கிப் பொட்டலத்தோடு வந்தார்.

முதலில் புது மிக்ஸ். ‘ஹைவே ஸ்டார்’ ஆரம்பித்ததுமே தம்பி முட்டியில் தட்ட ஆரம்பித்துவிட்டான். எனக்கு ஆளைத் தூக்கிப் போட்டது ‘பிக்சர்ஸ் ஆஃப் ஹோம்’. நடுவில் ராஜர் குளோவர் பேஸ் கிதாரைத் தனியாக வாசிப்பாரே, நம் கேசட்டில் அது பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடுகிற மாதிரி ஒரு உறுமலாகத்தான் கேட்கும். இதில் விரல் கம்பியை விட்டு எழும்புவது வரை கேட்டது. 40 வருஷமாகக் கேட்ட பாட்டில் கேட்காத ஒன்று இருந்திருக்கிறது என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, உண்மையாகவே.

வாத்தியார் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏழு பாட்டும் முடிந்த பிறகு, “கோயில் சிலைக்கு மணல் வீசிச் சுத்தம் பண்றானுங்களே, அது மாதிரி இருக்கு” என்றார். “அழுக்கு போச்சு, கூடவே மூக்கும் போச்சு.”

தம்பி விடுவானா? “கும்பாபிஷேகத்துக்குப் புதுசா வர்ணம் அடிக்கிறோமே, அப்போ சாமி ஓடிப் போயிடுதா?” என்றான். அங்கே பிடித்தது. டிரம்ஸ் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது, ரிச்சி பிளாக்மோரின் கிதாரில் இருந்த முரட்டுத்தனம் வழித்தெடுக்கப்பட்டுவிட்டது, 1972-ல் போட்டதுதான் போட்டது, யாரும் கை வைக்கக் கூடாது, இது வாத்தியார் கட்சி. மூலத்தை யாரும் அழித்துவிடவில்லை, பக்கத்திலேயே வைத்துத்தானே கொடுத்திருக்கிறார்கள், கேட்காத வாத்தியத்தைக் கேட்க வைத்தால் என்ன குற்றம், இது தம்பி கட்சி. நான் தம்பி பக்கம் சாய்ந்தேன். அதில் எனக்கு இப்போதும் மாற்றமில்லை. ஆனால் நான் பேசிய விதம்தான் உறுத்துகிறது.

நான் என்ன சொன்னேன் என்றால், அந்த ஆல்பம் பிறந்த கதையைச் சொன்னேன். உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் கேள். 1971 டிசம்பர் 4. மொந்த்ரோ கேசினோவில் அமெரிக்க ராக் கலைஞர் ஃப்ராங்க் ஜாப்பாவின் கச்சேரி. கூட்டத்தில் எவனோ ஃப்ளேர் துப்பாக்கியை மேலே சுட, கூரை பற்றிக்கொண்டு கட்டடமே எரிந்துபோனது. அங்கே ரெக்கார்ட் பண்ணுவதற்கென்று வந்து இறங்கியிருந்த டீப் பர்ப்பிள் ஆட்கள் ஏரிக்கு மேல் புகை பரவுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் பெவிலியன் என்ற அரங்கில் ஆரம்பித்தார்கள். ராத்திரியில் சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் புகார் சொல்ல, போலீஸ் வந்து கதவைத் தட்டியது. வாசித்துக்கொண்டிருந்த டேக், அதாவது அந்தப் பதிவு, முடிகிற வரைக்கும் உதவியாளர்கள் கதவைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொண்டார்களாம். அப்படிப் பிடித்து வைத்த டேக்தான் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’. மீதியெல்லாம் குளிர்காலத்துக்காகப் பூட்டிக் கிடந்த கிராண்ட் ஹோட்டலின் நடைபாதையில், மெத்தைகளை நிறுத்தி வைத்து. சீசன் முடிந்து பூட்டிய ஹோட்டல் எப்படி ஜில்லிட்டுக் கிடக்கும் என்று நமக்குச் சொல்லவா வேண்டும்?

ரெக்கார்டிங் மெஷின் வெளியே நின்ற லாரியில். வாசித்ததை அங்கே போய்க் கேட்க வேண்டுமானால் அறை அறையாகப் புகுந்து, பால்கனி தாண்டிப் போக வேண்டும். அலுத்துப்போய், போய்க் கேட்பதையே விட்டுவிட்டார்கள். நான் வாத்தியாரிடம் சொன்னது இதுதான்: “அவங்க நடந்து போய்க் கேட்காததை இவன் போய்க் கேட்டிருக்கான், அவ்வளவுதான்.”

அந்த ‘இவன்’ யார் தெரியுமா? புது மிக்ஸ் செய்தது ட்வீசில் ஜாப்பா. ஃப்ராங்க் ஜாப்பாவின் மகன். கேசினோ எரிந்தபோது அவனுக்கு இரண்டு வயது. அந்தத் தீயில் அப்பா வாத்தியங்களையெல்லாம் பறிகொடுத்தார். ஆறே நாளில் லண்டனில் ஒருவன் அவரை மேடையிலிருந்து கீழே தள்ளிவிட்டான், பலத்த அடி. அப்பாவுக்கு அப்படி ஒரு டிசம்பர். அதே தீயிலிருந்து வேறொரு குழுவுக்கு ஒரு பாட்டு கிடைத்தது, அதில் அப்பாவின் பெயரும் வருகிறது. 50 வருஷம் கழித்து அந்தப் பாட்டின் டேப்பை மகன் கையில் கொடுக்கிறார்கள். மாப்ளே, இதை நினைத்து நான் இரண்டு ராத்திரி தூங்கவில்லை. ஆர்கன் வாசித்த ஜான் லார்ட் இல்லை, ரெக்கார்ட் பண்ணிய மார்ட்டின் பிர்ச் இல்லை, தீயில் மாட்டிய பிள்ளைகளை வெளியே இழுத்துவிட்ட கிளாட் நாப்ஸும் இல்லை. அவர்கள் விட்டுப்போன சத்தத்தை அவன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறான். அதற்காகவே எனக்கு அந்த மிக்ஸ் பிடிக்கிறது.

வாத்தியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “போய்க் கேட்காம விட்டாங்க பாரு, அதுதான்டா அந்த ஆல்பம்” என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. தெரியாத கோபத்தில், “உங்களுக்குக் காது பழசாயிடுச்சு வாத்தியாரே” என்று சொல்லிவிட்டேன்.

அவர் எழுந்து குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போன புதன்கிழமை மார்க்கெட்டில் வாத்தியார் வீட்டு அக்காவைப் பார்த்தேன். ஒரு வருஷமாகவே வாத்தியாருக்கு மேல்ஸ்தாயி சத்தங்கள் கேட்பதில்லையாம். கோயம்புத்தூரில் காட்டி இரண்டு காதுக்கும் மெஷின் வாங்கியிருக்கிறார்கள். பேச்சு கேட்கிறது, பாட்டு போட்டால் தகரத்தில் ஆணி உருட்டுகிற மாதிரி இருக்கிறது என்று கழற்றி வைத்துவிடுகிறாராம். நம் யாருக்கும் சொல்லக் கூடாது என்று அக்காவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். நமக்கு கிதார் பிடிக்கக் கற்றுக்கொடுத்த மனுஷன், மாப்ளே. கிவ்சன் கிதாரை மடியில் வைத்து, ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ பாட்டின் அந்த முதல் நாலு சுரத்தை பிக் இல்லாமல் விரலால் கிள்ள வேண்டும் என்று நம் விரலைப் பிடித்துக் காட்டியவர். அன்றைக்கு அந்தப் புது மிக்ஸ் அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும்? பழையது அவருக்கு மனப்பாடம், பாதி கேட்டாலும் மீதியை அவரே நிரப்பிக்கொள்வார். புதியதில் அது முடியாதே. நான் போய் அவர் காதையே சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்கப் போனால் அக்கா சொன்னது வெளியே வந்துவிடும். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நம் கேசட் உன்னிடம்தானே இருக்கிறது? கோயம்புத்தூர்க் கடையில் 83-ல் பதிந்து வாங்கிய அந்த 60 நிமிஷ டிடிகே. ‘லேஸி’ பாட்டில் பாடகர் இயான் கில்லன் வாயைத் திறக்கிற நேரத்தில் ‘டக்’கென்று முதல் பக்கம் முடியும், திருப்பிப் போட்டால் ‘ஸ்பேஸ் டிரக்கின்’ ஆரம்பித்துவிடும். ‘லேஸி’யில் பாடவே மாட்டார்கள் என்று நாம் ஆறு வருஷம் நினைத்துக்கொண்டிருந்ததும், வாத்தியார் மட்டும் “இல்லடா, எவனோ மூச்சு இழுக்கிறான்” என்று சொல்லிக்கொண்டே இருந்ததும் ஞாபகம் இருக்கிறதா?

என் டெக்குக்குப் புது பெல்ட் போட்டுவிட்டேன், ஹெட்டையும் ஸ்பிரிட்டால் துடைத்து வைத்திருக்கிறேன். நீ வந்திருக்கிறாய் என்றால் வாத்தியார் வராமல் இருக்க மாட்டார். எதுவும் பேச வேண்டாம், நீயே அவர் முன்னால் கேசட்டைப் போட்டுவிடு. சத்தத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும். காது மெஷின் விஷயம் உனக்குத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே, அக்கா என்னைக் கொன்றுவிடுவார்.

ஜூலை முதல் ஞாயிறு தோதுப்படுமா? காரில் வந்தால் மறக்காமல் இ-பாஸ் எடுத்துவிடு, குஞ்சப்பனையில் நிறுத்திக் கேட்கிறார்கள். கேசட்டை டேஷ்போர்டில் வைக்காதே, மேட்டுப்பாளையம் வெயிலில் வளைந்துவிடும். தங்கச்சியையும் கூட்டி வா, ஸ்வெட்டர் இங்கே இருக்கிறது.

உன்,
மச்சான்